இடப்பக்கம் மட்டும் திரும்புகிறவன்

அடுகோடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கால்பந்து அணிக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தபோது அவனைப் பார்த்தேன். தடுப்பாட்டக்காரன். தூண் மாதிரித் தொடைகள். எப்போதும் கடித்துக்கொண்டே இருக்கும் கீழுதடு. எடை தூக்குவதில் அணியில் யாரும் அவனுக்கு ஈடில்லை. ஆனால் மைதானத்தில் இடப்பக்கம் மட்டுமே திரும்புவான். வலப்பக்கம் போக வேண்டியிருந்தாலும் இடப்பக்கமாகவே முக்கால் சுற்றுச் சுற்றித்தான் போவான்.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு கேட்டேன். "இடது முட்டியா?"

ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "வலப்பக்கம் திரும்பினா நழுவுது மாஸ்டர். அதான் தொடைக்கு வெயிட் ஏத்துறேன். தாங்கிக்கும்ல?"

"தொடை மட்டும் போதாதுப்பா. ஸ்கேன் எடுத்தியா?"

"எடுத்தா தெரிஞ்சிடுமே! ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு மாஸ்டர். டீம்ல பேரு போச்சுன்னா காலேஜும் போச்சு. கோச்கிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. சொன்னால் படிப்பு போகும், சொல்லாவிட்டால் கால் போகும். இதில் எந்தப் பாவத்தை நான் எடுத்துக்கொள்வது?

அடுத்த வாரம் கோச் புது மாணவர்களை வரிசையாக உட்காரவைத்தார். எதிராளியை ஏமாற்றும் அந்தச் சுற்றுதான் உண்மையான டெக்னிக் என்று சொல்லி, அவனைச் செய்துகாட்டச் சொன்னார். நான் விசில் ஊதியதும் அவன் சுற்றினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இன்னொரு தடவ, இன்னும் வேகமா," என்றார் கோச்.

அவன் கீழுதட்டைக் கடித்தபடி என்னையே பார்த்தான். விசில் என் வாயில்தான் இருந்தது. ஊதினேன்.