விக்னராஜா கூட்டிய காடு

1978இல் வெஸ்ட்மீட்டில் எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்தவர் விக்னராஜா. யாழ்ப்பாணத்தில் கணக்கெழுதும் கிளாக்கர், சிட்னியில் கிடைத்தது கவுன்சில் வேலை. வீடுகளுக்கு நடுவே விட்டுவைத்திருந்த ஒரு காட்டுப் பூங்காவைப் பராமரிக்க வேண்டும். மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரக் கடிதம் வந்தால்தான் மனைவி யோகாவை இங்கே கூப்பிடலாம் என்று நம்பியிருந்தார்.

"காடெண்டால் காடாய் விடவேண்டியதுதானே, அக்கா? அதுக்கேன் ஒரு ஆள்?"

"சம்பளம் தாறாங்கள் எல்லே. போம்."

மேற்பார்வை பார்த்த மிஸிஸ் கோல்வில் சொன்ன முறை இது: நல்ல காடு இருக்கும் பக்கத்தில் தொடங்கி, கையால் களை பிடுங்கி, மெல்ல வெளியே வரவேண்டும். பிடுங்கிய இடத்தைச் சருகால் மூடவேண்டும். விக்னராஜா முதல் பாதியைத்தான் பிடித்துக்கொண்டார். விடிந்ததும் முற்றம் கூட்டாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு இருப்புக்கொள்ளாது. அவர் தினமும் அந்த அம்மா வருமுன்னே போய், யூக்கலிப்டஸ் மரங்களின் கீழே விளக்குமாற்றுக் கோடு தெரியக் கூட்டினார். ஜூலையில் ஒருநாள், அங்கங்கே குவித்துவைத்த சருகையெல்லாம் எரித்தும்விட்டார்.

மிஸிஸ் கோல்வில் கத்தவில்லையாம். தொப்பியைக் கழற்றிவிட்டு நிலத்தில் உட்கார்ந்து அழுதாராம்.

"துப்புரவாக்கினதுக்கு மனுசி ஏன் அக்கா அழுறா? வேலை போச்சோ?"

நான் ஆஸ்பத்திரித் தாதி, எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். "பொருக்கை உரிச்சால் புண் ஆறுமே? அந்த நிலத்துக்குச் சருகுதான் பொருக்கு."

"அப்ப குப்பை எது?"

எனக்கு நேரமாகிவிட்டது. டியூட்டிக்குப் போய்விட்டேன்.

செப்டெம்பரில் மழை பெய்தது. கூட்டிய இடமெல்லாம் களை எழுந்தது. எரித்த பதினொரு இடங்களில் மட்டும், அங்கே பல வருஷமாகக் காணாத வாட்டில் என்ற அந்த நாட்டு மரத்தின் கன்றுகள் அடர்த்தியாக முளைத்தன. சூடு பட்டால்தான் அந்த விதை வெடிக்குமாம். எங்கே எவ்வளவு சருகு, எவ்வளவு நேரம் எரிந்தது என்று மிஸிஸ் கோல்வில் கேட்க, கிளாக்கர் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாராம்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். விளக்குமாற்றைக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். கேளாமல் தீ மூட்டக்கூடாது.

விக்னராஜா அதை மூன்று தரம் படித்தார். "இது பிழை செய்ததுக்கோ, சரி செய்ததுக்கோ?"

"யோகாவுக்கு அதில ஒரு கொப்பி எடுத்து அனுப்பும்" என்றேன்.

இருபத்திரண்டு வருஷம் அங்கே வேலை செய்தார். எது குப்பை என்பது அவருக்குக் கடைசிவரை தெளியவில்லை. யோகா வந்த பிறகும் காலையில் எங்கள் பின்வளவைக் கூட்டுவார். நான் தடுக்கவில்லை, அது காடில்லையே.