ஹாசிமின் பங்கு

பாலாவி உப்பளத்தில் கூடை சுமக்கும் பெண்களில் உம்மு குல்சூம்தான் ஆகப் பருமன். வரப்பில் அவள் வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டுச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்; வேறென்ன செய்வது? முழங்கால் இரண்டும் வீங்கிய பிறகுதான் சிரிப்பு அடங்கியது. உடம்பைக் குறைக்காவிட்டால் இனிச் சுமை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுமை தூக்காதவளுக்குக் கங்காணி வேலை கொடுக்கமாட்டான். வீட்டில் உழைத்துப்போட வேறு ஆளும் இல்லை.

புருஷன் ஹாசிம் லொறிக்காரன். தொண்ணூறாம் ஆண்டு யுத்தம் மறுபடி மூண்ட நேரத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போனவன். அவனும் வரவில்லை, லொறியும் வரவில்லை. அவனைத் தேடி அவள் ஏறி இறங்காத முகாம் இல்லை. மூன்று வருடம் கழித்து, புருஷனை இழந்தவள் அனுசரிக்கும் இத்தா இருக்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். “மௌத்தாகாத மனுசனுக்கு நான் ஏன் இத்தா இருக்கணும்?” என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

டாக்டர் சொன்னதை அவள் தட்டவில்லை. சீனியை விட்டாள். காலையில் தின்னும் பாணை விட்டாள். இரவுச் சோற்றைப் பாதியாக்கினாள். பிறகு அதையும் நிறுத்தி வெறும் பிளேன்டீயோடு படுத்தாள். அடுத்த மாதம் தராசில் ஏறினால் முள் இன்னும் கொஞ்சம் கூடத்தான் காட்டியது. பக்கத்து வீட்டு றம்லா மூன்று வேளையும் மூக்குமுட்டத் தின்றுவிட்டு ஈர்க்குச்சி மாதிரித் திரிகிறாள். இதென்ன நியாயம் என்று குல்சூமுக்கு ஆற்றாமை பொங்கியது.

ஒருநாள் காலை தேங்காய் கேட்டு வந்த றம்லா, குல்சூம் ஒரு பீங்கான் நிறையப் பழஞ்சோற்றில் மீன் ஆணம் ஊற்றிச் சாப்பிடுவதைக் கண்டாள்.

“சாப்பாட்டக் கொறச்சிட்டன் எண்டு சொன்னீங்களே ராத்தா?”

“இது என்ட இல்ல, அவர்ட பங்கு. ராவைக்கு வந்தாச் சாப்பிடட்டும் எண்டு ஆக்கி வெச்சது. வரல்ல. கொட்டினா பரக்கத்து போயிரும்.”

“ஒவ்வொரு நாளுமா?”

“லொறிக்காரருக்கு நேரம் காலம் ஈக்கா?”

றம்லா பீங்கானை எட்டிப் பார்த்தாள். “அவர்ட பங்குதான் ராத்தா. ஆனா போறது உங்கட வயித்துக்குள்ள.”

தேங்காய் இல்லை என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டாள் குல்சூம். அன்று முழுக்க மனதுக்குள் சண்டை பிடித்தபடியே கூடை சுமந்தாள். யுத்தம் செய்கிறவர்கள் யாரோ. மனுசனைத் தொலைத்தவள் இவள். இப்போது மெலிய வேண்டியவளும் இவளா? அநியாயம்தான், பச்சை அநியாயம். யாரிடம் போய் வழக்குச் சொல்வது? பின்னேரம் போல் முழங்கால் மடிந்து, கூடையோடு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கங்காணி பார்த்துக்கொண்டு நின்றான். அநியாயத்தை யார் செய்திருந்தாலும், அந்தச் சோற்றை அள்ளி வாயில் வைத்தது தன் கைதான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தியில் உலை வைத்தாள். இரவுப் பட்டினியை விட்டு, தனக்கென்று ஒரு சுண்டு அரிசி போட்டாள். ஹாசிமுக்கென்று இரண்டாவது சுண்டை அள்ளிய கை அப்படியே நின்றது. போடாவிட்டால், அவனைத் தானே மௌத்தாக்கியது போலாகிவிடும் என்று பயந்தாள். “வந்தா உடன ஆக்கித் தருவன்” என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அரிசியைத் திரும்பவும் வாளிக்குள் கொட்டினாள். வெந்த சோற்றைத் தன் பங்காகவே தின்றாள்.

விடிந்ததும் பழக்கதோஷத்தில் சட்டியைத் திறந்தாள். வெறும் சட்டி. ஹாசிம் வராத காலைகள் எத்தனையோ போயிருந்தன. அத்தனையிலும் அவனுடைய சோறாவது வீட்டில் இருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை. குல்சூம் அடுப்படியில் உட்கார்ந்து, அவன் போனதிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.