கயிற்றுக்குப் பதில் பட்டை

குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டு வந்தவரின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தையல் போட்ட வலி அடங்குவதற்குள் பத்து நிமிடம் குடியைப் பற்றிப் பேச வேண்டும். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் என் வேலை இதுதான். வலி இருக்கும்போதுதான் மனிதன் யோசிப்பான் என்று ஒரு நம்பிக்கை. திட்டக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். குக்கர் விசில் அடிக்கத் தாமதமானாலே அதனோடு சண்டை போடுகிறவள் நான். என்னை இந்த வேலைக்கு எடுத்தவர்களைத்தான் முதலில் உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. குடியை விட வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு இருக்கிறது, பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று கேட்க வேண்டும். நம் ஆட்களுக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடும். “நீங்களே பார்த்துப் போடுங்க மேடம்” என்பார்கள். நானாகப் போடக் கூடாது என்பது விதி. அவர்கள் வாயால் சொன்ன எண்ணைத்தான் தாளில் எழுத வேண்டும்.

எழுமலை என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தார். வந்த அன்று அவர் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை. வேலியோரம் சோளத்தட்டை அறுத்தபோது குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டார். முகம் பணியாரமாக உப்பி, கண் இரண்டும் மூடி, வலது கை முழங்கை வரை வீங்கி வந்து சேர்ந்தார். வீங்கிய மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அது குடியை நிறுத்தக் கட்டிய கயிறு.

எங்கள் பக்கம் குடியை விட நினைக்கிறவர்கள் கோயிலுக்குப் போய், இத்தனை மாதம் தொட மாட்டேன் என்று சாமி முன்னால் சொல்லி, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வார்கள். கையில் கயிறு இருக்கும்வரை பயம் இருக்கும். இவர் ஆறு மாதத்துக்குக் கட்டியிருந்தார். நாற்பத்து மூன்று நாள் ஓடியிருந்தது. கட்டியதற்கான காரணம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. இவருடைய குடி தாங்காமல் பேரையூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்ட மனைவி அவர். கயிற்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தாராம். அது கையில் இருக்கும்வரைதான் நானும் வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டே வந்தாராம்.

மருந்து வேலை செய்து கண் லேசாகத் திறந்ததும் அவர் மணிக்கட்டைத் தடவினார்.

“கயிறு எங்க?”

“அத வெட்டிப் போட்டாச்சுண்ணே,” என்றார் சிஸ்டர்.

அந்த வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. ஜாமீன் கிடைத்தவரின் சிரிப்பு.

“நானா அறுக்கல. ஆசுபத்திரியில அறுத்தாக. சாமி என்னையக் கோவிக்க முடியாதுல்ல?”

மனைவி சத்தம் போட ஆரம்பித்தார். குடி விஷயம் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் நின்றதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க சாமி கயித்த அறுத்தீகள்ல, நீங்களே இன்னொண்ணு கட்டி விடுங்க.”

எனக்குக் கயிறு, மந்திரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. பயிற்சியை மறந்து பிரசங்கத்தில் இறங்கினேன்.

“கயித்துல என்னம்மா இருக்கு? எல்லாம் மனசுலதான் இருக்கு.”

“அவருக்கு மனசு இருந்தா நான் எதுக்குத் தாயி கயிறு கட்டச் சொல்றேன்?”

வேறு வழியில்லாமல் என் கேள்வியை எடுத்தேன்.

“அண்ணே, குடிய விடணும்ங்கிற எண்ணம் பத்துக்கு எத்தன இருக்கு?”

“கயிறு இருந்தப்ப பத்து. இப்ப ரெண்டு.”

அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. “ஏன் சைபர் சொல்லல?”

“இவ பக்கத்துல நிக்கிறாள்ல.”

மனைவி சிரிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “நான் பேரையூருக்குப் போறேன்,” என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் கோபமாகக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து சிஸ்டர், அவசரத்தில் போடாமல் விட்டிருந்த அடையாளப் பட்டையைக் கொண்டுவந்தார். நோயாளியின் பெயரும் நம்பரும் எழுதிய வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. வீங்காத இடது மணிக்கட்டில் சுற்றி டக்கென்று பூட்டினார்.

மனைவி அதையே பார்த்தார். “இத அவுக்க முடியுமா?”

“முடியாதுக்கா. வெட்டித்தான் எடுக்கணும்.”

பை கீழே இறங்கியது. “அப்ப இதுவே இருக்கட்டும். கெடு மட்டும் நீங்க சொல்லுங்க தாயி.”

ஒருவர் ஊசியை இன்னொருவருக்குப் போட்டுவிடாமல் இருக்கத்தான் இந்தப் பட்டை என்று நான் விளக்கியிருக்க வேண்டும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பூசாரி வேலையை ஏற்றுக்கொண்டேன்.

“இன்னும் நூத்தி முப்பத்தேழு நாள்ணே. அதுவரைக்கும் தொடக் கூடாது.”

அவர் சிரிப்பு வடிந்துவிட்டது. வீக்கம் வடிய இரண்டு நாள் ஆனது.

வீட்டுக்குக் கிளம்பும்போது பட்டையை வெட்டி வாங்கிக்கொள்வது வழக்கம். வாசலில் இருந்த வாட்ச்மேன் கத்தரியோடு வந்ததும் மனைவி அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். நான் ஓடிப்போய், “இருக்கட்டும்ணே, என் பொறுப்பு,” என்றேன். என்ன பொறுப்பு என்று அவர் நல்லவேளையாகக் கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனில் விசாரிப்பதும் என் வேலை. எழுமலைக்காரர் குடியைப் பற்றி வாயே திறக்க மாட்டார். “பட்டையோட கறி திங்கலாமா மேடம்?” என்று கேட்பார். “பட்டையோட எழவு வீட்டுக்குப் போகலாமா?” என்பார். எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தேன். பட்டை என்றால் சாராயத்துக்கும் ஒரு பெயர். ஒருநாள் நான் போனில் “பட்டை எப்படிண்ணே இருக்கு?” என்று அக்கறையாக விசாரிப்பதைக் கேட்ட டாக்டர், அன்று முழுக்க என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார்.

கெடு முடிந்த மறுநாள் காலையில் இருவரும் வந்தார்கள். மனைவி மாட்டுத்தாவணியில் வாங்கிய மல்லிகைப் பூவை என் மேஜையில் வைத்துவிட்டு, “ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்,” என்று கேன்டீனுக்குப் போனார். எழுமலைக்காரர் கையை நீட்டினார். பட்டையில் பெயர் அழிந்து, நம்பர் அழிந்து, வெள்ளை பழுப்பாகியிருந்தது. கத்தரியை வைக்கப் போனபோது ஒரு இடம் மட்டும் கட்டியாகத் தடித்திருந்தது.

“என்னண்ணே இது?”

அவர் கேன்டீன் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “ரெண்டாம் மாசமே அறுந்துருச்சு மேடம். மோட்டார் ரூம் கதவுல மாட்டி. அவளும் ஊர்ல இல்ல, ஒரு விசேசத்துக்குப் போயிருந்தா.”

“அப்புறம்?”

“பொய் சொல்லக் கூடாது. நேரா ஒயின்ஷாப்புப் பக்கந்தான் போனேன்.”

“குடிச்சீங்களா?” என் குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

“பக்கத்துப் பெட்டிக்கடைல பசை வாங்கி ஒட்டிக்கிட்டேன் மேடம். ரெண்டு விரலும் சேந்து ஒட்டிக்கிருச்சு. அதப் பிரிக்கவே அன்னைக்குப் பொழுது சரியாப் போச்சு. அவகிட்ட சொல்லிராதீக.”

கண் கலங்கியதைக் காட்டிக்கொள்ளாமல், “வெட்டிரவாண்ணே?” என்றேன்.

“வெட்டுங்க. அரிக்குது.”

வெட்டினேன். பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. பிறகு தாளை எடுத்து, பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்.

“நீங்களே பார்த்துப் போடுங்க மேடம்.”

ஒன்பது போட்டேன். பத்துப் போட்டால் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.