கழற்றி வைத்த கேபிள்

இது ராத்திரியில் நடந்திருந்தால் நானே கனவென்று தள்ளியிருப்பேன். நடந்தது பட்டப்பகலில், எங்கள் பட்டறையில்.

அண்ணன் ஒரு பழைய ரேஸ் பைக் வாங்கியிருந்தான். மறுநாள் பந்தயம். முன்சக்கர பிரேக்கைச் சரிபார்ப்பது என் வேலை. அபூர்வமான பிரேக் அது. சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளைக்குள் நான்கு ஷூக்கள், அதாவது பிரேக் கட்டைகள். கைப்பிடியிலுள்ள லீவரை அழுத்தினால், ஓடும் பெல்ட் துணி முனையைக் கவ்வி இழுப்பதுபோல, சுழலும் டிரம்மே ஷூக்களை இழுத்துத் தன்மேல் இறுக்கிக்கொள்ளும். சக்கரம் பின்பக்கம் சுழன்றாலோ, அதே டிரம் ஷூக்களைத் தள்ளிவிடும். பிடிப்பு இருக்காது.

லீவரையும் பிரேக்கையும் இணைக்கும் கேபிளைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். ஸ்டாண்டில் நின்ற வண்டியின் முன்சக்கரத்தைச் சுழற்றினேன்.

க்ரீச்...

நின்றுவிட்டது.

"என்னடா, முடியலையா?" வாசலில் அண்ணன்.

"சக்கரம் சிக்குதுண்ணா."

"நல்லா இருக்கற வண்டிக்கும் நோய் கண்டுபிடிப்பியே நீ!" சிரித்தபடி ஹெல்மெட் துடைக்கப் போனான்.

மணி மூன்று பத்து. எதிலாவது சிக்கியிருந்தால் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். பின்பக்கம் சுழற்றினேன். லேசாக உரசியபடி... சுற்றிக்கொண்டே இருந்தது.

முன்பக்கம் சுழற்றினேன்.

க்ரீச்.

சிக்கவில்லை. இது பிரேக்.

யாரோ அழுத்துகிறார்கள்.

நிமிர்ந்தேன். கைப்பிடியில் லீவர்... மெல்ல... உள்ளே மடங்கிக்கொண்டிருந்தது.

கேபிள் மேஜைமேல் கிடந்தது.

டிரம்மைத் தொட்டேன். சுட்டது.

"அண்ணா! இந்த வண்டி வேணாம்ணா. உன் கால்ல விழறேன்."

அவன் வந்து முன்பக்கமே சுழற்றினான். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"பிரேக் பிடிக்கலைன்னா பயப்படலாம். பிடிக்குதுன்னு பயப்படறவன் நீ ஒருத்தன்தான்டா. கேபிளை மாட்டு."

மாட்டினேன்.

மறுநாள், முதல் வளைவு. அதே சத்தம் நான் நின்ற வேலி வரை கேட்டது. வளைவுக்கு வெகு முன்பே முன்சக்கரம் இறுகி, அண்ணனைத் தூக்கியெறிந்தது.

இன்னும் கண் திறக்கவில்லை. திறக்கமாட்டான் என்கிறார் டாக்டர். அவன் வலது கையின் நான்கு விரல்களும் மடங்கியே இருக்கின்றன. நர்ஸ் விரித்துவிடுவார். மறுபடியும்... மெல்ல...

கட்டில் அருகிலிருந்தே, வண்டியை அண்ணனுக்கு விற்ற அந்த அம்மாளுக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அது அவருடைய கணவர் ஓட்டிய வண்டியாம்.

"அந்த முதல் வளைவுலதான் போனாரு. கேபிள் அறுந்திருக்கு. அது தெரியாம கடைசி வரைக்கும் அழுத்திக்கிட்டே இருந்திருக்காரு. உயிர் போன பிறகும் லீவர்ல இருந்து விரலைப் பிரிக்க முடியலை."

 பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இப்பவாவது கையை விட்டாராப்பா?"