சத்தமில்லாத வண்டிக்கு விலை

பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். வண்டிக்காரர் பேச வாயெடுத்தால் கையமர்த்துகிறார். "இருங்க, அது பேசட்டும்." பழைய கார் வாங்கி விற்கும் இந்தத் தரகருக்குத் தெருவில் காதுக்காரர் என்றே பெயர். எஞ்சின் இரைவதைக் கேட்டே அது எவ்வளவு ஓடியிருக்கிறது, ஆயில் மாற்றாமல் ஏய்த்தார்களா, எல்லாம் சொல்லிவிடுவார். பாதி சரியாக இருக்கும். மீதியைக் குரலை உயர்த்திச் சமாளிப்பார்.

டாக்சி ஓட்டும் தன் மாப்பிள்ளையைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் பேட்டரி கார் வாங்க வைத்தவரும் இவர்தான். "அடுத்த மாசம் மானியத்த நிறுத்தப் போறாங்க மாப்பிள்ள. இப்பவே எடுத்துடுங்க." மானியம் நின்றதென்னவோ நிஜம். ஆனால் பின்னாலேயே அரசு வரியைக் குறைத்தது, பேட்டரி விலையும் இறங்கியது. மாப்பிள்ளை கொடுத்த விலையைவிடக் குறைவாக, அந்த வண்டியைவிட அதிக தூரம் ஓடும் புது வண்டி இப்போது கடையில் நிற்கிறது. போதாக்குறைக்கு, சார்ஜ் போடும் நிலையத்தில் கட்டணச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள்.

இன்று மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "வித்துக் குடுத்துடுங்க மாமா. பேங்க் கடன அடைச்சிட்டு வேற வேல பாக்கறேன்."

பழக்க தோஷத்தில் தரகர் பானெட்டில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறு காதை வைத்துப் பார்த்தார்.

"ஆன் பண்ணியிருக்கீங்களா?"

"ஆன்லதான் மாமா இருக்கு."

மனிதருக்கு முழி பிதுங்கியது. "பழசவிடப் புதுசு மலிவுன்னா, பழசுக்கு என்ன வெலதான் சொல்றது?" பக்கத்துத் தரகரிடம் கேட்டார். "இன்னும் எறங்கும், தள்ளிவிட்ருங்க" என்றார் அவர். எதிர்க்கடை டயர்க்காரர், "பட்ஜெட்ல வரி மறுபடி ஏறும், வச்சிருங்க" என்றார். இரண்டு பேர் பேச்சும் நியாயமாகவே இருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மகள் போன் செய்தாள். "எவ்வளவுக்குப்பா போகும்? கடன் அடைஞ்சிடுமா?"

ஊரார் வண்டிக்கெல்லாம் மூச்சு விடாமல் விலை சொன்னவர், "பாக்கறேன்மா, பாக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார். தான் சொன்னது தப்பா, சொன்ன நேரம் தப்பா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"அடையாது மாப்பிள்ள" என்றார் கடைசியில். "அது ஒண்ணுதான் தெரியுது. வேற எதுவும் தெரியல. சவாரிக்குப் போற அளவுக்குச் சார்ஜ் இருக்கா?"

"இல்ல மாமா. ஸ்டேஷன்ல போட்டா கையில எதுவும் மிஞ்சறதில்ல."

தரகருக்கு வெக்கை ஆகவே ஆகாது. கடையென்று இருப்பது ஒரு கண்ணாடி அறை, நல்ல உச்சி வெயில் வேறு. உள்ளே போய் ஏசியின் பிளக்கைப் பிடுங்கினார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "சார்ஜ் ஒயர இப்படிக் குடுங்க" என்று வாங்கிச் செருகினார். பிறகு சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டு, செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே, நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.