கடல் அட்டைக்குப் பிரசவம் பார்த்தவள்

மீன் காட்சியகத்தில் தொட்டி கழுவும் அக்கா கடல் அட்டைக்குப் பிரசவம் பார்த்தாளாம், பிறந்தது மீனாம். இரண்டு வாரமாக இந்தப் பேச்சு கை கால் முளைத்துத் திரிகிறது. டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் எனக்கே பதில் சொல்லி வாய் வலிக்கிறது. உள்ளதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கடல் அட்டை என்பது அழுகின வெள்ளரிக்காய் மாதிரி மணலில் கிடக்கும். நட்சத்திர மீனுக்குச் சொந்தமாம். அழகு மொத்தமும் அந்தப் பங்காளி வீட்டுக்குப் போய்விட்டது.

ஒரு மாலை, கண்ணாடிக் குச்சி போல ஒரு புது மீனை அட்டை இருந்த தொட்டியில் விட்டார்கள். காலையில் மீனைக் காணோம். தொட்டி மூடியின் சாவி அக்காவிடம் மட்டும்தான்.

"எங்க வித்த?" என்றார் மேலாளர்.

"ஆறு வருஷத்துல ஒரு கூழாங்கல்லு எடுத்திருப்பேனா சார்?"

"மூணு மணிக்குப் போலீஸ் வரும். அங்க சொல்லு."

திருடி என்று பேர் வந்துவிட்டால் பிறகு யாரும் தங்கள் வீட்டுப் பாத்திரத்தைக்கூடக் கழுவ விடமாட்டார்கள். அக்கா தொட்டி முன்னால் குந்திவிட்டாள். அட்டைக்கு மூச்சு பின்பக்கத் துவாரத்தில். அது திறந்து மூடுவதைத் தினமும் பார்க்கிறவள். அன்று திறந்தது, சரியாக மூடவில்லை.

"சார், மீன் இதுக்குள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

"பின்னால சார்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மணி இரண்டே முக்கால். மேலாளர் கத்தியை எடுத்தார். "அப்ப அறுத்தே பாத்துடலாம்."

அக்கா குறுக்கே நின்றாள். "கத்தி பட்டா இது குடலைக் கக்கிடும். அது விஷம். தொட்டியில இருக்கிறது அத்தனையும் செத்து மிதக்கும். இந்த மீனு இருட்டுலதான் இரை தேடும்னு கொண்டுவந்தவரே சொன்னாரு. விளக்கை அணைங்க."

"வரலன்னா?"

"நானே போலீசோட போறேன்."

ஜன்னலை மூடினோம். மூலையில் ஒரு சிவப்பு பல்பு மட்டும். போலீஸ்காரர் வந்தார், எதுக்குய்யா இருட்டு என்றார், மேலாளர் தொட்டியைக் காட்டினார். அக்கா தொட்டியை விட்டு நகரவில்லை. மூன்றே கால். மூன்றரை. மேலாளர் மறுபடி கத்தியைத் தொட்டபோது, அட்டையின் பின்னாலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பிறகு முழு மீனும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

பிரசவம் எப்படி நடந்தது என்று நேற்றும் ஒருத்தி கேட்டாள். அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"பிரசவமும் இல்ல, மண்ணும் இல்ல. மீனு ஒளிஞ்சுக்க உள்ள போச்சு, இரை தேட வெளிய வந்துச்சு. அவ்வளவுதான். என்னைத் திருடின்னு சொன்னாங்களே, அதை மட்டும் ஏன்டி யாரும் ஊருக்குள்ள சொல்ல மாட்டேங்குறீங்க?"