அத்தா பழிக்காத மாதம்

கொடுத்தவனும் அவனே, எடுத்துக்கொண்டவனும் அவனே. அவனைப் புகழ்ந்து, எங்கள் அத்தாவின் ஆண்டுப் பாத்திஹாவுக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்தச் சிறு நினைவு மலரை வைக்கிறேன். ஒரே மகள் எழுதுவதால் புகழ்ச்சி கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தா இருந்திருந்தால் பாதியை அடித்துவிட்டிருப்பார்கள்.

அத்தா பிறந்தது பரங்கிப்பேட்டையில். மீசை அரும்பும் வயதில் கப்பலேறி பினாங்கில் இறங்கி, செமோரில் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தார்கள். தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட்டுகளை ஏற்றி ஈப்போ ரயிலடியில் இறக்குவது வேலை. ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஓய்ந்தபோது விறகு ஏற்றினார்கள். எங்களைப் பட்டினி போடவில்லை. மாட்டை ஒருநாளும் அடித்ததில்லை. பிடிவாதம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அந்தப் பிடிவாதத்தைத்தான் சொல்ல வந்தேன். உம்மா படுக்கையில் விழுந்தபோது என் நிக்காஹைக் கண்ணால் பார்த்துவிட ஆசைப்பட்டார்கள். கோப்பெங்கில் தையல் வேலை பார்த்தவர் மாப்பிள்ளை. அப்போது முஹர்ரம் பிறந்திருந்தது. கர்பலாவின் துக்கத்தைச் சொல்லி அந்த மாதத்தில் நம்மவர்கள் நல்ல காரியம் வைப்பதில்லை. அத்தாவின் தம்பி, எங்கள் சாச்சா, அண்ணனை வாசலிலேயே மறித்தார்கள்.

“காக்கா, மாசம் கழியட்டும். ஊரு என்ன சொல்லும்?”

“அல்லா கண்ணியப்படுத்துன நாலு மாசத்துல இது ஒண்ணு. சண்டைகூட ஆகாதுன்னு வச்ச மாசம். இதுல கல்யாணம் பண்ணா கெடுதலா வரும்?” என்றார்கள் அத்தா.

பக்கத்தில் நின்ற அத்தாவின் கூட்டாளி, தோட்டத்துக் கங்காணி மாமா, சிரித்தார். “எங்களுக்கு ஆடி, உங்களுக்கு இதா பாய்? சாமிக்குன்னு ஒதுக்குன மாசத்தப் பார்த்துத்தான் மனுசன் பயப்படுறான்லா.”

நிக்காஹ் நடந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உம்மா கண்ணை மூடினார்கள். அடுத்த முஹர்ரம் வருமுன் மாப்பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோனது. கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா முடிந்து நான் அத்தா வீட்டுக்குத் திரும்பினேன். “மாசம் பலி கேட்டுருச்சு” என்று என் காதுபடவே பேசினார்கள். அத்தா முஹர்ரம் பத்தாம் நாள் ஆஷூரா நோன்பு வைத்து முசல்லா விரிப்பில் குனிந்தால் நெடுநேரம் எழமாட்டார்கள். எழும்போது தாடி நனைந்திருக்கும். “எம் புள்ளைக்கு நானே அநியாயம் பண்ணிட்டேனா?” என்று ஒருநாள் மாடுகளிடம் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

சில வருடம் கழித்து, பீடோரில் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னைப் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர். பேச்சு முடிந்தபோது மறுபடியும் முஹர்ரம் நெருங்கியிருந்தது. இம்முறை அத்தாவே, “ரெண்டு மாசம் போயி ரபியுல் அவ்வல் வரட்டும்மா” என்றார்கள். அவர்கள் முகத்தில் பயத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

“முஹர்ரத்துலயே வைங்கத்தா. காய்ச்சலு எல்லா மாசத்துலயும்தான் வருது. மாசம் என்ன செஞ்சுச்சு?”

அத்தா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் லெப்பையிடம் நாள் சொல்லப் போனார்கள்.

அந்த நாளைப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நெஞ்சுவலியோடு ஆஷூரா நோன்பைப் பிடித்து, கஞ்சியில் நோன்பு திறந்து, மஃரிப் தொழுத பாயிலேயே சாய்ந்துவிட்டார்கள். ஜனாஸா எடுக்குமுன்னே பழைய பேச்சு கிளம்பிவிட்டது. எனக்குப் பயமே இல்லை என்றால் அது பொய். ஆனால் அன்று நோன்பு திறக்கையில் அத்தாவின் முகத்தில் பயம் இல்லை. பக்கத்தில் இருந்து கஞ்சி ஊற்றியவள் நான்.

கபுறு வெட்டிய ஜமாத்தாருக்கும், அத்தாவின் மாடுகளை இன்றுவரை பார்த்துக்கொள்ளும் கங்காணி மாமாவுக்கும், ஒரு வருடம் பொறுத்திருந்த பீடோர்க்காரருக்கும் எங்கள் நன்றி. சாச்சாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அத்தா இல்லாத எனக்கு, பெண் பக்கம் நின்று ஒப்புக்கொடுக்க வேண்டியவர் அவர்கள்தான். மாதம் கழியட்டும் என்பார்கள் என்றே நினைத்தேன். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் வீட்டுக்கு வந்து, அத்தாவின் தொப்பியைத் துடைத்துக்கொண்டே, “காக்கா வச்ச மாசமே இருக்கட்டும்” என்றார்கள்.

ஆகவே, பாத்திஹா ஓதி முடிந்ததும் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். அஸர் தொழுகைக்குப் பின் இதே பந்தலில் எனக்கு நிக்காஹ்.